ஹூண்டாய் ஐ20 என் லைன்: காலி ரோட்டில் மனசு அடங்குகிற வண்டி

கிண்டிக்கும் சிறுசேரிக்கும் நடுவில் ஆபீஸ் போய் வர மட்டும்தான் கார் என்றால் ஐ20 என் லைன் வேண்டாம். சாதாரண ஐ20யே எடுங்கள், பணமும் மிச்சம், இடுப்பும் மிச்சம். ஆனால் மாசத்துக்கு ஒரு தடவையாவது இருட்டிலேயே எழுந்து, ஊர் முழிப்பதற்குள் எல்லையைத் தாண்டி, முன்னாடி வண்டியே இல்லாத ரோட்டில் கொஞ்ச நேரம் ஒரே சீராகப் போய்விட்டு வந்தால்தான் மிச்ச நாளெல்லாம் தாங்கும் என்கிற ஆள் நீங்கள் என்றால் மேலே படியுங்கள், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் ஓட்டுவது ஆறு கியர் மேனுவல். வாங்கிய புதுசில் எழுதியிருந்தால் வெறும் சந்தோஷத்தில் எழுதியிருப்பேன். இப்போது டயர் தேய்ந்து, வெயில், மழை எல்லாம் பார்த்துவிட்ட வண்டி இது, அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

வண்டி என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல். 120 பிஎஸ் பவர், 172 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவிசை. இந்தியாவில் 2021ல் வந்தபோது கிளட்ச் பெடலே இல்லாத ஐஎம்டி கியர்பாக்ஸோடு வந்தது, 2023ல் முகம் மாற்றியபோதுதான் கால் வைத்து மிதிக்கிற கிளட்சோடு நிஜமான மேனுவல் கொடுத்தார்கள். ஏழு கியர் டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. ஐரோப்பாவில் ஐ20 என் என்று 1.6 லிட்டர் டர்போவில் 204 பிஎஸ் தருகிற வண்டி ஒன்று இருந்தது, அது இங்கே வரவில்லை. உலக ராலி சாம்பியன்ஷிப்பில் 2019லும் 2020லும் ஹூண்டாய்க்குத் தயாரிப்பாளர் பட்டம் வாங்கிக்கொடுத்ததும், 2024ல் தியெரி நூவில் சாம்பியன் ஆனதும் ஐ20 பெயர் கொண்ட வண்டிகளில்தான், ஆனால் அந்த வண்டிகளுக்கும் நம்ம தெருவில் நிற்கிற வண்டிக்கும் பெயரைத் தவிரச் சொந்தம் ரொம்பக் கம்மி. என் லைன் என்றால் இறுக்கமான சஸ்பென்ஷன், கொஞ்சம் கனமாக்கின ஸ்டீயரிங், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பின்னாடி இரட்டைக் குழாயிலிருந்து கொஞ்சம் தடித்த சத்தம், சிவப்புத் தையல் போட்ட கறுப்பு உள்ளலங்காரம். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அவ்வளவும் எங்கே புரிகிறது என்றால் செங்குன்றம் தாண்டித்தான்.

ஏன் செங்குன்றம் என்று கேட்பீர்கள். சென்னையில் லாங் டிரைவ் என்றாலே எல்லாரும் ஈசிஆர்தான் சொல்வார்கள். எனக்கு ஈசிஆர் ரொம்பப் பிடிக்கும், ஆனால் வேகமாகப் போக அல்ல. முட்டுக்காடு, கோவளம் என்று வரிசையாக மீனவ கிராமங்கள், ரோட்டைக் கடக்கிற ஆடு, ஹெல்மெட் இல்லாமல் மூணு பேர் உட்கார்ந்து வருகிற பைக், திடீரென்று யூ டர்ன் அடிக்கிற டூரிஸ்ட் வேன். அது ஊர்களுக்கு நடுவே போகிற ரோடு, அங்கே நம்ம அவசரத்தைக் காட்டுவது நியாயமில்லை. ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு தாண்டினால் நல்லாத்தான் இருக்கும், ஆனால் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் கிடைக்கிற இழுபறியில் எழுந்த நோக்கமே வீணாகிவிடும். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரைக்கும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இருக்கிறது, அகலமான ரோடு, காலையில் காலியாகவும் இருக்கும், ஆனால் தப்பான பக்கத்தில் எதிரே வருகிற வண்டிகளைப் பார்த்ததிலிருந்து அங்கே எனக்கு மனசு ஒட்டவில்லை.

மிஞ்சுவது கொல்கத்தா ஹைவே, தேசிய நெடுஞ்சாலை 16. மாதவரம் ரவுண்டானா, புழல் ஏரி, செங்குன்றம், நல்லூர் டோல், காரனோடையில் கொசஸ்தலை ஆற்றுப் பாலம், கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம். அதோடு தமிழ்நாடு முடிகிறது, தடாவிலிருந்து ஆந்திரா. தமிழ்நாட்டுப் பகுதியில் கன்டெய்னர் லாரி நிறைய, அதனால் கும்மிடிப்பூண்டி வரைக்கும் நான் பொறுமையாகவே போவேன், அது இன்ஜினும் டயரும் சூடாகிற நேரம் என்று வைத்துக்கொள்வேன். தடா தாண்டி சூளூர்ப்பேட்டை, அங்கிருந்து நாயுடுபேட்டை, கூடூர் வரைக்கும்தான் விஷயம். வடக்குப் பார்த்துப் போகிறோம், வலது பக்கம் பழவேற்காடு ஏரியும் கடலும் இருக்கிற திசை, வெளிச்சம் அந்தப் பக்கமிருந்துதான் வரும், கண்ணுக்கு நேராகக் குத்தாது. நேர் ரோடு, நடுவில் அரளிச்செடி, இரண்டு பக்கமும் வயல்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சென்னைக்காரர்கள் கார் பந்தயம் பார்த்துப் பழகியது இந்த ரோட்டோரத்தில்தான். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் எண்பதுகள் வரைக்கும் ரேஸ் நடந்தது. அப்பா காலத்து ஆட்கள் சோழவரம் என்று சொன்னாலே முகம் மாறுவதை இன்றைக்கும் பார்க்கலாம்.

சரி, வண்டிக்கு வருவோம். நெடுஞ்சாலையில் காருக்கு 100 என்று போர்டு வைத்திருக்கிறார்கள், நான் அதற்குள்ளேதான் ஓட்டுகிறேன். நூறெல்லாம் வேகமா என்று சிரிக்கிறவர்கள் இருப்பார்கள். நூறைத் தொட்டுவிட்டு உடனே பிரேக் அடித்து, மறுபடி தொட்டு, மறுபடி அடித்து ஓட்டுகிறவர்களுக்கு நூறு ஒரு நம்பர்தான். அதே நூறில் இருபது நிமிஷம், அரை மணி நேரம் விடாமல், பிரேக்கில் காலே வைக்காமல், ஒரே மூச்சில் போய்ப் பாருங்கள், அது வேற உலகம். முதல் பத்து நிமிஷம் மண்டைக்குள் ஆபீஸ் ஓடிக்கொண்டிருக்கும், பள்ளிக்கூட ஃபீஸ் ஓடும், நேற்று யாரோ சொன்ன வார்த்தை ஓடும். அப்புறம் ஒவ்வொன்றாக நிற்கும். நாம் நிறுத்துவதில்லை, அதற்கு இடம் இல்லாமல் போகிறது. முன்னாடி போகிற லாரியின் இடது சக்கரம் கோட்டைத் தொடுகிறதா, மீடியன் இடைவெளியில் சைக்கிளோடு நிற்கிறவர் நம்மைப் பார்த்துவிட்டாரா, கண்ணாடியில் தெரிகிற வெள்ளை வண்டி எந்த லேனுக்கு வருகிறது, தார் நிறம் மாறுகிற இடத்தில் பள்ளமா ஒட்டா. கண் முழுக்க இதிலேயே இருக்கிறது, கை அதுபாட்டுக்குக் கூடவே போகிறது. இதைத்தான் நான் நிம்மதி என்கிறேன். சும்மா படுத்துக் கிடக்கிறபோது எனக்கு இது கிடைத்ததே இல்லை.

இதற்கு எந்தக் காரும் போதுமே, என் லைன் எதற்கு? போதாது. இதற்கு முன்னாடி என்னிடம் இருந்தது 1.2 லிட்டர், டர்போ இல்லாத ஒரு சின்ன ஹேட்ச்பேக். ஊருக்குள் அருமையான வண்டி. ஹைவேயில் நூறுக்குப் போனால் இன்ஜின் கத்தும், ஸ்டீயரிங் லேசாகிவிடும், பக்கத்தில் ஒரு ஆம்னி பஸ் தாண்டினால் காற்று வண்டியையே தள்ளும், எனக்குத் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி நிற்கும். வீட்டுக்கு வந்தால் கழுத்து வலி. அதே நூறில் என் லைனை ஆறாவது கியரில் விட்டால் ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்றுகிற எண்ணிக்கை, மீட்டரில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. 172 டார்க் முழுவதும் 1500லிருந்து 4000 ஆர்பிஎம் வரைக்கும் கிடைக்கிறது என்று கம்பெனி சொல்கிறது. ரோட்டில் அதற்கு அர்த்தம், எண்பதிலிருந்து நூறுக்கு ஏற கியர் குறைக்க வேண்டியதில்லை, காலை லேசாக அழுத்தினால் போதும், சத்தமே இல்லாமல் ஏறும். வண்டியிடம் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது என்று காலுக்குத் தெரிகிறபோது மனசும் பதறுவதில்லை. நான் கொடுத்த பணத்தில் பாதி இதற்குத்தான் என்று நினைக்கிறேன். வேகத்தை எடுக்க அல்ல, எடுக்காமல் கையில் வைத்திருக்க.

ஸ்டீயரிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எலக்ட்ரிக் ஸ்டீயரிங்தான், பழைய ஹைட்ராலிக் ஸ்டீயரிங் மாதிரி ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கைக்குச் சொல்லாது. ஆனால் எடை சரியாக இருக்கிறது. நேர் ரோட்டில் நடுப்புள்ளியில் அசையாமல் நிற்கும், பாலம் ஏறி இறங்குகிற இடத்தில், பக்கக் காற்று அடிக்கிற இடத்தில் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சஸ்பென்ஷன் இறுக்கமாக இருப்பதன் பலனும் இங்கேதான். பாலத்தின் இணைப்பில் ஒரு தட்டுத் தட்டும், அதோடு முடிந்தது, பின்பக்கம் மேலும் கீழும் ஆடி அடங்குவதற்கு நேரம் எடுப்பதில்லை. க்ரூஸ் கன்ட்ரோல் இருக்கிறது, நான் போடுவதில்லை. வலது காலும் வேலை செய்தால்தான் எனக்கு அந்தத் தாளம் கிடைக்கிறது.

அப்பாவை ஒரு தடவை நெல்லூருக்குக் கூட்டிப்போனேன், சொந்தக்காரர் வீட்டு விசேஷம். சூளூர்ப்பேட்டை தாண்டி முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவர், "ஏன்டா, ரோடுதான் காலியா இருக்கே, இன்னும் அறுபதுலயே போற?" என்றார். மீட்டரைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சீட் பெல்ட்டை ஒரு இழு இழுத்து சரிபார்த்துக்கொண்டு, "தொண்ணூறு போதும்பா" என்றார். தொண்ணூறிலேயே போனோம். அவர் தூங்கிவிட்டார்.

இந்த வண்டியின் பெரிய குணமும், நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடமும் இது ஒன்றேதான். வேகம் தெரிவதில்லை. அரை மணி நேரம் நூறில் போய்விட்டு சர்வீஸ் ரோட்டில் இறங்கினால் அறுபது என்பது நகருகிற மாதிரியே இருக்காது, பிரேக்கை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். ஹைவேயை விட்டு இறங்கியதும் கண்ணை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். கணக்கும் கொஞ்சம் மண்டையில் இருக்கட்டும். நூறில் ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறோம். முன்னாடி எதையோ பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த ஒரு வினாடி போய்விடும். அதற்கப்புறம் நல்ல டயரும் காய்ந்த ரோடும் இருந்தால்கூட நிற்க இன்னும் ஐம்பது மீட்டர் வேண்டும். நூறில் வருகிற வண்டியிடம் அறுபதில் வருகிற வண்டியைவிட இரண்டே முக்கால் மடங்கு ஆற்றல் இருக்கிறது, அவ்வளவையும் அந்த நாலு டிஸ்க்கும் டயரும்தான் தின்ன வேண்டும். அதனால் முன் வண்டிக்கும் எனக்கும் மூன்று வினாடி இடைவெளி, அதாவது எண்பது மீட்டருக்கு மேல். நடுவில் யாராவது புகுந்தால் புகுந்துவிட்டுப் போகட்டும், நான் மறுபடி பின்வாங்கிக்கொள்வேன். இடைவெளி விட ஆரம்பித்த பிறகுதான் ஹார்ன் அடிப்பதும் எனக்கு நின்றது. பிரேக் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், பெடலில் முதல் அழுத்தத்திலேயே பிடிக்கும், வண்டியின் முகம் கவிழாது, அவசரத்துக்கு முழுசாக மிதித்தபோது வண்டி நேர்கோட்டிலேயே நின்றது. ஒரு நாய்க்காக மிதித்தேன், நாய் பிழைத்தது.

இருட்டில் இந்த வேகம் வேண்டாம். ஹெட்லைட் நல்ல வெளிச்சம்தான், ஆனால் பின் விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கிற லாரி எந்த ஹெட்லைட்டிலும் நேரத்துக்குத் தெரியாது. நான் செங்குன்றம் தாண்டும்போதே கிழக்கு வெளுத்திருக்கிற மாதிரி கிளம்புவேன். மழை பெய்தாலும் எழுபதுக்கு மேல் இல்லை. அக்டோபர், நவம்பரில் அடை மழை நாட்களில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவது உத்தமம்.

இனி குறை. ஊருக்குள் இந்த சஸ்பென்ஷன் இரக்கமில்லாதது. மெட்ரோ வேலை நடக்கிற ஆற்காடு ரோட்டிலும் மாதவரம் நெடுஞ்சாலையிலும் ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்புக்குக் கொண்டுவந்து சேர்க்கும். பின் சீட்டில் உட்கார்கிற பெரியவர்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். 16 அங்குல சக்கரத்தில் டயரின் பக்கச்சுவர் குட்டை, அதனால் கூர்மையான பள்ளத்தில் அலாய் சக்கரத்துக்கு அடி விழும் என்கிற பயம் எப்போதும் இருக்கும். கான்கிரீட் ரோட்டில் டயர் இரைச்சல் உள்ளே வருகிறது, நல்ல தாரில் வருவதில்லை. கிளட்ச் லேசுதான் என்றாலும் ஆர்பிஎம் 1500க்குக் கீழே இருக்கிறபோது இன்ஜின் சோம்பலாக இருக்கும், டிராஃபிக்கில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகிறபோது முதலுக்கு மாற்ற வேண்டிவரும். டேங்க் 37 லிட்டர்தான், லாங் போகிறவர்களுக்கு இது கம்மி. மைலேஜ் முழுக்கக் காலைப் பொறுத்தது. சீராகத் தொண்ணூறில் போனால் லிட்டருக்குப் பதினேழு, பதினெட்டு வரைக்கும் பார்த்திருக்கிறேன், கோடம்பாக்கம் பாலத்தில் மாட்டிக்கொண்டால் பத்துதான். டர்போ என்பதால் ஓடி வந்த சூட்டில் உடனே ஆஃப் செய்யாதீர்கள், கடைசி இரண்டு கிலோமீட்டர் மெதுவாகப் போய் நிறுத்துங்கள், இல்லையென்றால் ஒரு நிமிஷம் ஐட்லில் விடுங்கள்.

டயர் காற்று விஷயத்தில் பங்க்கில் கண்ணால் பார்த்து அடிக்க விடாதீர்கள். டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற அளவைப் பார்த்து, வண்டி குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறும், சித்திரை வெயிலில் இந்த ரோட்டில் கிழிந்த டயர் துண்டுகள் எத்தனை கிடக்கின்றன என்று ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு மேலான டயர் என்றால் ரோட்டைப் பிடிக்கிற பட்டன் தேயாமல் மிச்சம் இருந்தாலும் நான் மாற்றிவிடுவேன்.

வண்டியின் முழு வேகத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்று கை அரிக்கிறவர்களுக்கு ரோடு இடமே இல்லை. இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயப் பாதை அங்கே இருக்கிறது, 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு திருப்பம், சோழவரத்துக்கு அப்புறம் சென்னைக்குக் கிடைத்த வீடு அது. சொந்தக் காரை எடுத்துவந்து ஓட்ட அனுமதிக்கிற நாட்கள் அவ்வப்போது நடக்கும், ஹெல்மெட் கட்டாயம். இந்தக் காரைச் செய்கிற ஹூண்டாய் ஃபேக்டரியும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான், 1998ல் முதல் சான்ட்ரோ வந்த இடம். அங்கே திருப்பத்தில் எவ்வளவு தாங்கும், எப்போது முன் சக்கரம் வழுக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் ரோட்டில் அதைச் சோதித்துப் பார்க்கிற ஆசையே வராது. எனக்கு வரவில்லை.

மேனுவலா டிசிடியா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். வாரம் முழுக்க டிராஃபிக், மாசத்தில் ஒரு நாள் ஹைவே என்றால் டிசிடி எடுங்கள், இடது கால் வாழ்த்தும். ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி கியர் மாற்றுகிற பட்டையும் உண்டு. ஆனால் நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் டிசிடி சூடாகும், முன்னாடி இரண்டு வண்டி நீளம் இடம் விட்டு மொத்தமாக நகருங்கள். ஹைவேதான் உங்களுக்கு முக்கியம் என்றால் மேனுவலைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டாம். கியர் லீவரின் அசைவு குட்டையாக, தெளிவாக இருக்கிறது, மூன்றிலிருந்து நாலுக்குப் போகிறபோது கிடைக்கிற அந்தச் சின்ன 'டக்' சத்தத்துக்கே இன்னொரு தடவை மாற்றலாம் போலத் தோன்றும்.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்று தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி அனுப்பிவிடுவார்கள். நான் முதலில் போன ஷோரூமில் அப்படித்தான், சிக்னல் வரைக்கும் போய்த் திரும்பச் சொன்னார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி வேண்டும், பைபாஸ் வரைக்கும் போக வேண்டும் என்று கேட்டேன், அந்த சேல்ஸ் தம்பி முகம் சுளிக்காமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நீங்களும் அப்படிக் கேளுங்கள். மதுரவாயலில் ஏறி புழல் வரைக்கும் பைபாஸில் ஒரு தடவை போய், ஐந்தாவது, ஆறாவது கியரில் எண்பதில் ஐந்து நிமிஷம் வைத்துப் பாருங்கள், வீட்டில் பின் சீட்டில் உட்காரப்போகிறவரையும் கையோடு கூட்டிப்போங்கள். அவர் சரி என்றால் புக் பண்ணுங்கள்.